காற்றிலும் உண்டு அண்டை வீடு

நிலத்திற்கு எல்லைக்கல் நடுகின்றோம். நீருக்கு வரப்புக் கட்டுகின்றோம். காற்றிற்கு எல்லை வகுப்பது எங்ஙனம்? இவ்வினா நமக்கு எழுந்த இடம் வகுப்பறையோ நூலகமோ அன்று. நம் அன்னையார் கையிலிருந்த கைக்கணினியின் திரை ஓரிரவு உறைந்து நின்றபோது, வீட்டுக் கூடத்திலேயே அது எழுந்தது.

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு அன்பர்கள் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்தாள எண்ணினோம். ஆயினும் ஓய்வுபெற்ற பின், 66ஆம் அகவையில் நாம் கற்ற பாடமொன்று மாணவமணிகளுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையால், நம் வீட்டு வைஃபைப் பெட்டியின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம். பெரியோர் பொறுத்தருள்க.

உறைந்த முகம்

நம் இல்லம் திருவண்ணாமலையில், மலையின் கிழக்கு அடிவாரத்தில், தேரடி வீதியினின்று பிரியும் சிறு தெரு ஒன்றில் உள்ளது. அன்னையாருக்கு அகவை 86. நடை தளர்ந்தது, செவியும் மந்தம். எதிரே இருப்பவர் முகத்தை நோக்கி, வாயசைவைக் கொண்டே பேச்சை விளங்கிக்கொள்வார். இளைய தம்பி தம்மாம் நகரில் பணிபுரிகின்றார். நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு, அங்கு மாலை ஆறரை மணிக்கு, அவர் காணொளியில் அழைப்பார். அந்த அரைமணி நேரத்திற்காகவே அன்னையார் எட்டு மணி முதல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 30, பௌர்ணமி இரவு. வழக்கம்போல் அழைப்பு வந்தது. “அம்மா, நேற்று டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு...” என்று தம்பி தொடங்கினார். அந்நிலையில் திரை உறைந்தது. பாதி திறந்த வாயுடன் தம்பியின் முகம் அப்படியே நின்றது. மீண்டும் மீண்டும் அழைத்தோம். இணைப்புக் கிடைப்பதும் அறுவதுமாக முக்கால் மணி நேரம் கழிந்தது. இறுதியில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பில் நாம் தம்பியைப் பிடித்தோம். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளும்படி கண் மருத்துவர் சொன்னாராம், செய்தி அவ்வளவே. ஆனால் அதை அன்னையாருக்கு எப்படி உணர்த்துவது? “அவன் முகத்தைக் காட்டு. நீ சொல்றது எனக்கு வேணாம்” என்றார். விடியும்வரை அவர் உறங்கவில்லை. நாம் எதையோ மறைக்கின்றோம் என்னும் ஐயம் பல நாள் அவரை விட்டு நீங்கவில்லை.

அதற்கு முன்னரும் பல மாதங்களாக இத்தொல்லை இருந்தது. அவ்விரவோடு நம் பொறுமை அற்றது. அண்டை வீட்டு நண்பர் தம் மாடியில் நான்கு அறைகள் கட்டி, கிரிவலம் வரும் யாத்திரிகர்க்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர்தம் விருந்தினர் நம் கடவுச்சொல்லை எப்படியோ அறிந்து நம் இணைப்பைக் களவாடுகின்றனர் என்று முடிவு செய்தோம். மறுநாட் காலை அவர் வாயிலில் நின்று அவ்வாறே கேட்டும்விட்டோம்.

நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “நாப்பது வருஷம் பாய்... என்னைப் பாத்தா இப்பிடிக் கேக்கறீங்க?” என்றார். நம்மிடம் விடை இல்லை. ஆயினும் சினம் தணியாமலே திரும்பினோம்.

அவர்தம் துணைவியார் நாள்தோறும் முற்பகலில் வந்து அன்னையார் கட்டிலருகே அமர்ந்து பேசிவிட்டுச் செல்வார். அன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அன்னையார் முகம் பார்த்துப் பேசக் கிடைத்தவர் இருவரே. ஒரு முகம் திரையில் உறைந்தது. மற்றொரு முகத்தை நாமே வாயிலுக்கு அப்பால் நிறுத்திவிட்டோம்.

நாட்குறிப்பு தந்த துப்பு

குற்றம் சாட்டியாயிற்று, சான்று தேட வேண்டுமன்றோ? கடவுச்சொல்லை மாற்றினோம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எவ்வெக் கருவிகள் இணைந்துள்ளன என்று நோக்கினோம். ஐந்து இருந்தன, ஐந்தும் நம் வீட்டுக் கருவிகளே. தொல்லையோ குறையவில்லை. களவு நடைபெறவில்லை என்பது அன்றே தெளிவாயிற்று. அதைச் சொல்ல அண்டை வீட்டுப் படியேறும் துணிவுதான் வரவில்லை.

அடுத்து, இணைப்பு வழங்குவோர்மீது ஐயம் திரும்பியது. பெட்டியிலிருந்து கணினிக்கு நேரே ஒரு கம்பி பூட்டி, தொல்லை மிகுந்த வேளையிலேயே சோதித்தோம். கம்பி வழியே காணொளி தெளிவாக ஓடியது. அதே நேரத்தில் அன்னையாரின் கைக்கணினியில் படம் உறைந்தது. பெட்டிவரை இணையம் குறைவின்றி வருகின்றது. பெட்டிக்கும் கைக்கணினிக்கும் இடைப்பட்ட இருபது அடிக் காற்றிலேயே கோளாறு என்பது உறுதியாயிற்று. மற்றொரு குறிப்பும் கிடைத்தது. படம் உறையும் நேரத்திலும் திரையின் மேல்மூலையில் அலையின் வலிமையைக் காட்டும் கோடுகள் குறையாமலே நின்றன. குரல் வலுவாக உள்ளது, சொல் விளங்கவில்லை என்றால், அங்கே இரைச்சல் இருக்க வேண்டும்.

பழைய மாணவர் ஒருவர் இப்போது இயற்பியல் கற்பிக்கின்றார். அவரிடம் முறையிட்டோம். “ஐயா, ஒரு குறிப்பேடு வையுங்கள். எப்போது அறுகிறது, எவ்வளவு நேரம், அப்போது வீட்டில் என்ன நடக்கிறது, இந்த மூன்றையும் நாற்பது நாள் எழுதுங்கள்” என்றார். மாணவரை எழுதப் பணித்தே பழகிய நாம், செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அவர் சொற்படி எழுதினோம்.

நாற்பது நாளில் அக்குறிப்பேடு இரு வேறு நோய்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று குறுநோய். மூன்று அல்லது நான்கு நிமிடமே நீடிக்கும். இரவு ஒன்பது மணியை ஒட்டியே வரும். மற்றொன்று நெடுநோய். மணிக்கணக்கில் நீடிக்கும், சனி, ஞாயிறு மாலைகளிலும் பௌர்ணமி நாளிலும் மிகும்.

அடுப்பே மூத்த குடி

குறுநோயின் மூலம் நம் அடுக்களையில் இருந்தது. தொழுகை முடித்து நாம் திரும்பும் வேளையில், மருமகள் இரவு உணவை நுண்ணலை அடுப்பில் சூடாக்குவார். அவ்வடுப்பும் வைஃபைப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே அலைவெண்ணில் இயங்குவன. அடுப்பின் அலைவெண் சுமார் 2450 மெகாஹெர்ட்ஸ். வைஃபைக்கு உரிய பட்டை 2400 முதல் 2483.5 வரை. அடுப்பின் ஆற்றல் ஆயிரம் வாட் எனக் கொள்வோம். அதில் பதினாயிரத்தில் ஒரு பங்கு கதவிடுக்கில் கசிந்தாலும் அது 0.1 வாட். உடலுக்குத் தீங்கு செய்யும் அளவன்று அது. ஆனால் வைஃபைப் பெட்டியின் முழுக்குரலே ஏறத்தாழ அவ்வளவுதான்! நம் பெட்டி கூடத்திலும், அன்னையார் அறை பின்கட்டிலும், அடுக்களை இரண்டுக்கும் நடுவிலும் அமைந்திருந்தன.

இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. பேரறிஞரையும் இவ்வடுப்பு ஏய்த்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 64 மீட்டர் விட்டமுடையது. விண்ணிலிருந்து வருவன போன்ற விந்தையான துடிப்புகள் சில 1998 முதலே அதில் பதிவாகி வந்தன. எமிலி பெட்ரோஃப் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2015இல் அவற்றின் பிறப்பிடத்தைக் கண்டறிந்தனர். உணவு சூடாகி முடியுமுன் யாரோ அடுப்பின் கதவைத் திறக்கும்போது வெளிப்பட்ட அலைகளே அவை. விண்மீன்களைத் துருவிய கருவி, தன் வளாகத்து அடுக்களையை அறியப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

அடுப்பின்மேல் குறைகூறவும் நமக்கு உரிமை இல்லை. 1947இல் அட்லாண்டிக் நகரில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, இப்பட்டையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரம் வெளிவந்ததோ 1997இல். அடுப்பே மூத்த குடி; நாம் ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்து குடியேறியவர்கள். நம் நாட்டில் 2005 சனவரியில் வெளியான அரசு விதி, குறைந்த ஆற்றல் கருவிகள் இப்பட்டையை உரிமம் இன்றிப் பயன்படுத்த வழிவிட்டது. அவ்விதி மூன்று நிபந்தனைகளையும் உடன் வைத்தது. பிறர்க்குக் குறுக்கீடு செய்தல் ஆகாது. பிறரால் நேரும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோருதல் இயலாது. பட்டையைப் பகிர்ந்தே துய்த்தல் வேண்டும். ஊர் மந்தைவெளி போன்றது அது. எவரும் மாடு மேய்க்கலாம். எவரும் வேலி போடுதல் ஆகாது. அண்டை வீட்டு வாயிலில் நாம் நின்ற அன்று, வேலி போட்டவர் மிடுக்கோடு நின்றோம்.

கூட்டத்தில் பேசும் முறை

நெடுநோயை ஆராய, அருகில் உள்ள வைஃபை அலைகளைக் காட்டும் செயலி ஒன்றை மாணவர் நம் கைப்பேசியில் இட்டுத் தந்தார். சாதாரண நாளில் ஒன்பது பெயர்கள் தெரிந்தன. செப்டம்பர் 29, பௌர்ணமி இரவில் இருபத்து மூன்று! மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர் வழியை நடந்து முடித்தோரும் தொடங்குவோரும் நம் தெருவில் நிறைந்திருந்தனர். அவர்தம் கைப்பேசிகள் சிலவும் தாமே சிறு வைஃபைப் பெட்டிகளாய் இயங்கிக்கொண்டிருந்தன.

மாணவர் விளக்கிய நுட்பம் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. இப்பட்டை, சானல் எனப்படும் தடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 1 முதல் 13 வரை எண்ணிட்ட தடங்கள் உள்ளன. ஆனால் ஒரு தடத்திற்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஒரு பெட்டி பேசுவதற்கு வேண்டிய அகலமோ 20. எனவே 1, 6, 11 என்று தள்ளித் தள்ளி அமர்ந்தால் மட்டுமே மூன்று பெட்டிகள் ஒன்றையொன்று உரசாமல் பேச இயலும்.

“ஐயா, ஒரே தடத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தால் சண்டை என்று நினைப்பீர்கள். அது அப்படியில்லை” என்றார் மாணவர். வைஃபைக் கருவி ஒவ்வொன்றும் பேசுமுன் செவிமடுக்கும். அதே தடத்தில் பிறிதொரு பெட்டி பேசினால், அப்பேச்சை இன்னதென உணர்ந்து, அது முடியும்வரை காத்திருந்து, தன் முறை வந்ததும் பேசும். வேகம் சற்றுக் குறையும், பேச்சுக் குலையாது. ஒன்று 1ஆம் தடத்திலும் மற்றொன்று 3ஆம் தடத்திலும் அமைந்தால்தான் கேடு. பாதி ஒட்டியும் பாதி விலகியும் நிற்பதால், ஒன்றன் பேச்சு மற்றதற்குப் பொருளற்ற இரைச்சலாகவே கேட்கும். முறை வைத்துக்கொள்ள வழியில்லை. இரண்டும் ஒருசேரப் பேசி இரண்டும் கெடும். முழுதும் கேட்கும்படி நெருங்கி இருத்தல் நன்று. முழுதும் விலகி இருத்தலும் நன்று. அரைகுறையாய்க் காதில் விழும் தொலைவே தீது.

இதைக் கேட்டபோது நாம் தலைகவிழ்ந்தோம். அண்டை வீட்டாருடன் ஒன்றரை மாதமாக நாம் இருந்த இருப்பு அதுவே. சுவருக்கு அப்பால் அவர் உரக்கப் பேசினால் நம்மைத்தான் ஏசுகின்றார் என்று எண்ணினோம். நம் வீட்டுக் கதவு சாத்தும் ஒலி அவர்க்கும் அவ்வாறே பட்டிருக்கும்.

நண்பரின் பெட்டிகள் இரண்டும் 3, 8 ஆகிய தடங்களில் இருப்பதைச் செயலி காட்டியது. “பார்த்தீரா, தவறு அவருடையதே” என்று சொல்ல வாயெடுத்தோம். மாணவர் திரையில் மற்றொன்றைச் சுட்டினார். நம் பெட்டி 20 அகலத்தில் அடங்கியிருக்கவில்லை; 40 அகலத்தில் விரிந்து, பட்டையின் ஏறத்தாழப் பாதியைக் கவிந்து நின்றது! கோடை விடுமுறையில், வேகம் கூடும் என்று பெயரன் அமைப்பை மாற்றியிருந்தான். நாமும் அவனை மெச்சியிருந்தோம். அத்துடன், நம் பெட்டி இரும்பு பீரோவின் பின்புறம், தரையை ஒட்டிக் கிடந்தது. முணுமுணுக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு, மந்தைவெளியில் பாதியை வளைத்துக்கொண்டு, அயலாரைக் கள்வர் என்றோம்.

அண்டை வீட்டுப் படி

அக்டோபர் நடுவில், ஒரு காலை, அண்டை வீட்டுப் படியேறினோம். முதலில் களவுச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். அதன் பின்னரே தடங்களைப் பற்றிப் பேசினோம். நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க பாய். எங்களுக்கும் ஆறு மாசமா இதே தொல்லைதான். ரூமுக்கு வர்றவங்க எல்லாம் நெட்டு வரலன்னு சண்டை போடறாங்க. நாங்க நீங்கதான் ஏதோ மெஷின் வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்” என்றார். இருவரும் சிரித்தோம். சிரிப்பின் நடுவே நம் கண் நனைந்ததை அவர் கண்டிருப்பார்.

மாணவர் உடனிருக்க, ஒரு மணி நேரத்தில் பணி முடிந்தது. நம் பெட்டி 1ஆம் தடத்தில், 20 அகலத்தில் அடங்கியது. நண்பரின் கீழ்த்தளப் பெட்டி 6க்கும், மாடிப் பெட்டி 11க்கும் சென்றன. எதிரில் உள்ள தையற்கடையின் பெட்டி ஏற்கெனவே 6இல் இருந்தது. அதுவும் நண்பரின் பெட்டியும் முறைவைத்துப் பேசிக்கொள்ளட்டும் என விட்டோம். மாடிப் பெட்டியின் ஆற்றலை நடுத்தரமாகக் குறைத்தோம். நான்கு அறைகளுக்குக் கேட்கும் குரல் தெருமுனைவரை கேட்க வேண்டியதில்லையே. நம் பெட்டியைப் பீரோவின் பின்னிருந்து எடுத்து, அன்னையார் அறைக்கு நேராக, அடுக்களை இடைப்படாதவாறு உயரத்தில் பொருத்தினோம். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை நம் நாட்டில் 2018 அக்டோபரில் மேலும் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. சுவர்களை ஊடுருவும் திறன் அதற்குக் குறைவு, தடங்களோ மிகுதி. பெயரனின் கணினியையும் தொலைக்காட்சியையும் அதற்கு மாற்றினோம். அன்னையாரின் பழைய கைக்கணினி 2.4 பட்டையை மட்டுமே அறியும். அதற்கு இடம்விட்டு மற்றவை ஒதுங்கின. முதியோர்க்கு வழிவிடுதல் கருவிகளுக்கும் பொருந்தும் போலும்! மருமகள் உணவை எட்டரை மணிக்கே சூடாக்கத் தொடங்கினார்.

அக்டோபர் 28, மீண்டும் பௌர்ணமி. ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. நாம் குறிப்பேட்டோடு அருகில் அமர்ந்தோம். முப்பத்திரண்டு நிமிடம், ஒரே ஒருமுறை படம் நொடிப்பொழுது தயங்கியது. தம்பி தம் புதிய மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் அணிந்தும் காட்டினார். “இதுக்குத்தானா டாக்டர்கிட்ட போனே?” என்று அன்னையார் கேட்டார். அவ்விரவு அவர் உறங்கினார்.

இனி மாணவமணிகளுக்கு நாம் சொல்ல விழைவன சில. கோளாறு நேர்ந்தால் முதலில் கம்பி பூட்டிச் சோதியுங்கள். கோளாறு எப்பகுதியில் என்பது அதனால் தெளிவாகும். நாளும் நேரமும் குறித்து வையுங்கள். நினைவு நம் சினத்திற்கு ஏற்பத் திரியும், எழுத்துத் திரியாது. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். அயலார் பெட்டியை ஐயுறுமுன் உங்கள் பெட்டி எவ்வளவு இடத்தை அடைத்துள்ளது என்று காணுங்கள். நாம் இவ்வரிசையைத் தலைகீழாகத் தொடங்கியதால் ஒன்றரை மாத நட்பை இழந்தோம்.

நவம்பர் 26, கார்த்திகை தீபத் திருநாள். 2668 அடி உயர மலையின் உச்சியில் மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுவர். நாற்பது ஆண்டுகளாக அதை இரு வீட்டாரும் நம் மொட்டை மாடியில் நின்றே காண்பது வழக்கம். நண்பரின் குடும்பம் அவ்வாண்டும் வந்தது. அன்னையாரை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினோம். அவர்தம் கைகளைப் பற்றியவாறு நண்பரின் துணைவியார் அமர்ந்தார். பிறந்த ஊரின் ஒளியைக் காண வேண்டும் என்று தம்மாமிலிருந்து தம்பி அழைத்தார். மக்கள் வெள்ளத்தில் கைப்பேசி இணைப்பு முற்றும் திணறியது. கீழ்த்தளத்தில் இருந்த நம் பெட்டியின் அலையும் மொட்டை மாடியை எட்டவில்லை.

நண்பர் நம் கையிலிருந்த கைக்கணினியை வாங்கினார். “எங்க மாடிப் பெட்டி இங்க நல்லா எடுக்கும் பாய். அதுல சேத்துடறேன்” என்று கூறி, தம் கடவுச்சொல்லைத் தாமே தட்டித் தந்தார். மலையுச்சியில் சுடர் எழுந்தது. திரையில் தம்பியின் முகம் தெளிவாக அசைந்தது.